அலமாரியில் இருக்கிறது, தேடலில் இல்லை

வாசகர் கேள்வி–பதில்

நூலகங்களில் புதிய இணையக் கருவிகளைப் பயன்படுத்திப் பார்ப்பது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பொது நூலகம் ஒன்றில் நூற்பட்டியல் பணியிலிருப்பவர் இந்த இதழில் பதில் அளிக்கிறார்.

கேள்வி: எங்கள் கிளை நூலகத்தின் நூல்கள் அனைத்தையும் கணினியில் பதிந்துவிட்டோம். ஆனால் ஔவையாரின் நூல்களைக் கேட்டு வந்த ஆசிரியைக்காகத் தேடியபோது, அலமாரியில் கண்ணெதிரே இருக்கும் நூல்கள்கூடத் தேடலில் வரவில்லை. மென்பொருளை மாற்றிவிடலாமா?
– கிளை நூலகர், மன்னார்குடி

பதில்: மென்பொருளை மாற்றினாலும் இந்தக் குறை உங்களோடு கூடவே வரும், ஏனென்றால் அது பெரும்பாலும் தட்டச்சில் இருக்கிறது. ‘ஔ’ என்பது ஒருங்குறியில் (கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில்) தனி எழுத்து. விசைப்பலகையில் அது எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள் ‘ஒ’ என்ற உயிரெழுத்தையும் ‘ள’ என்ற உயிர்மெய்யையும் அடுத்தடுத்துத் தட்டி ‘ஒளவையார்’ என்று எழுதிவிடுகிறார்கள். திரையில் பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கணினிக்கோ அவை வெவ்வேறு சொற்கள். ‘அவ்வையார்’ என்று அச்சிட்ட பதிப்புகளும் இருப்பதால், ஒரே புலவரின் நூல்கள் உங்கள் பட்டியலில் மூன்று இடங்களில் சிதறிக் கிடக்க வாய்ப்புண்டு.

இதே சிக்கல் உயிர்மெய்யிலும் உண்டு. ‘மௌனம்’ என்பதில் ஔகாரக் குறி ஒரே குறியீடு. அதற்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் ‘ள’வும் சேர்த்து ‘மெளனம்’ என்று தட்டியிருந்தால் தேடல் பொய்த்துவிடும். ‘ஸ்ரீ’ என்பதை ஒருங்குறியில் இரண்டு விதமாக எழுத முடியும். ஒன்றில் முதலெழுத்து ‘ஸ’, மற்றொன்றில் ‘ஶ’. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவில் தோன்றும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பதிவுகளில் ‘க’ இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ‘௧’ இருப்பதையும், ‘உ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘௨’ இருப்பதையும், துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ‘ர’ இருப்பதையும் காணலாம். ‘கொ’ என்பதில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும், கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் சேமிக்க முடியும். இவ்விரண்டும் சமமானவை என்று ஒருங்குறியே விதித்திருப்பதால், ஒழுங்காக எழுதப்பட்ட மென்பொருள் அதைத் தானே சரிசெய்துகொள்ளும். ஆனால் ‘ஒள’ என்பதையும் ‘ஔ’ என்பதையும் ஒருங்குறி சமமாகக் கொள்வதில்லை, கொள்ளவும் முடியாது.

அதற்கான காரணத்தைத் திருத்தத்தில் இறங்கும்போது உணர்வீர்கள். பட்டியல் முழுவதிலும் ‘ஒள’ வரும் இடங்களை எல்லாம் ‘ஔ’ என்று ஒரே அழுத்தில் மாற்ற முனைந்தால், ‘ஒளி’ என்ற சொல்லும் சிதைந்துபோகும். கொம்பும் ‘ள’வும் சேருமிடங்களை எல்லாம் ஔகாரக் குறியாக மாற்றினால் ‘வெள்ளம்’, ‘தெளிவு’ ஆகியவை உருத்தெரியாமல் போய்விடும். எனவே எழுத்தை மாற்றாதீர்கள். ‘ஒளவை’, ‘ஒளடதம்’, ‘மெளனம்’, ‘கெளரி’, ‘செளந்தர’ என்று சொல் சொல்லாகத் தேடி மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன் பட்டியலை விரிதாளாக இறக்கி, அந்தப் படியில் செய்து பாருங்கள்; மூலத்தில் கை வைப்பது அதன் பிறகு இருக்கட்டும்.

வல்லினம் மிகுதலும் தேடலைக் குழப்பும். ஒரு நூலின் அட்டையில் ‘சிறுகதைத் தொகுப்பு’ என்றும் இன்னொன்றில் ‘சிறுகதை தொகுப்பு’ என்றும் இருக்கும். தலைப்பை அச்சிட்டபடியே பதிவதுதான் முறை. அதைத் திருத்த நமக்கு உரிமை இல்லை. தேடுபவர் ‘சிறுகதை’ என்பதோடு உடுக்குறி (*) சேர்த்துத் தேடினால் இரண்டும் வந்துவிடும் என்பதைத் தேடல் கணினியின் அருகில் எழுதி ஒட்டிவையுங்கள். உங்கள் நூலகத்தில் கோஹா என்ற நூலக மென்பொருள் பயன்படுத்தப்படுமானால், சொற்பிரிப்பு பல மொழி எழுத்துகளையும் கையாளும் ‘ஐ.சி.யு.’ முறையில் அமைக்கப்பட்டிருக்கிறதா என்று அதை நிறுவியவரிடம் கேளுங்கள். கோஹாவில் இயங்கும் ஸெப்ரா தேடல் பொறியின் இயல்பான அமைப்பு இலத்தீன் எழுத்துகளை மனத்தில் கொண்டு செய்யப்பட்டது.

அகரவரிசை பற்றியும் ஒரு சொல். ஒருங்குறியில் தமிழ் மெய்கள் நெடுங்கணக்கின் வரிசையில் இல்லை. ‘ந’வை அடுத்து ‘ன’வும், ‘ர’வை அடுத்து ‘ற’வும், ‘வ’வுக்கு முன்பே ‘ள’வும் ‘ழ’வும் வைக்கப்பட்டிருக்கின்றன. மென்பொருளில் தமிழுக்கான வரிசை விதி இயக்கப்படாவிட்டால் அச்சிட்டு எடுக்கும் பட்டியல் விசித்திரமாகத்தான் இருக்கும். அது உங்கள் பிழையன்று.

கேள்வி: எங்களுடையது ஊர்ப்புற நூலகம். ஒரு பழைய கணினியும் என் கைப்பேசியும் மட்டுமே இருக்கின்றன. கோஹா இலவசம் என்கிறார்கள். நானே நிறுவிப் பார்க்கலாமா?
– ஊர்ப்புற நூலகர், தென்காசி மாவட்டம்

பதில்: கோஹாவுக்கு உரிமக் கட்டணம் இல்லை என்பது உண்மை. நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளைக்காக 1999இல் உருவாக்கத் தொடங்கி, 2000ஆம் ஆண்டு ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்த மென்பொருள் அது. அந்த நூலகத்தின் பழைய மென்பொருள் 2000 என்ற ஆண்டெண்ணைத் தாங்காது என்பதுதான் உடனடிக் காரணம். ஆனால் அதை நிறுவ லினக்ஸில் இயங்கும் வழங்கி (சர்வர்) வேண்டும். ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் மேம்படுத்த வேண்டும். நாள்தோறும் காப்புநகல் எடுக்க வேண்டும். நீங்கள் விடுப்பில் போனால் இவற்றைச் செய்ய ஆள் உண்டா என்பதுதான் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. ஒற்றை ஊழியர் நூலகத்தில் தனியாகக் கோஹா நிறுவுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய இ-கிரந்தாலயா போன்றவற்றையும் தனி முயற்சியாகத் தொடங்காமல், மாவட்ட மைய நூலகத்தின் வழியாகவே அணுகுவது நல்லது. பழகிப் பார்க்க விரும்பினால், கோஹாவின் மாதிரித் தளங்கள் இணையத்தில் பொதுவில் திறந்திருக்கின்றன. அங்கே நூல் சேர்க்கலாம், இரவல் கொடுக்கலாம், தவறு செய்யலாம். அங்கே பதிவதெல்லாம் அவ்வப்போது அழிக்கப்பட்டுவிடும் என்பதால் உண்மையான உறுப்பினர் விவரங்களை மட்டும் இடாதீர்கள்.

அதற்குள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதற்கு விரிதாளே போதும். உங்கள் சேர்க்கைப் பதிவேட்டை அப்படியே விரிதாளில் ஏற்றுங்கள். சேர்க்கை எண், ஆசிரியர், தலைப்பு, பதிப்பு, பதிப்பகம், ஊர், ஆண்டு, பக்கம், விலை, பகுப்பெண் என்று ஒவ்வொன்றுக்கும் தனி நிரல் வேண்டும். ‘சென்னை: 1985, 2ஆம் பதிப்பு’ என்று ஒரே கட்டத்தில் மூன்று செய்திகளைத் திணித்தால், பின்னாளில் அதைப் பிரிப்பவர் உங்களை வாழ்த்தமாட்டார். ஒழுங்கான விரிதாள் இருந்தால், மார்க்எடிட் என்ற இலவசக் கருவியால் அதை நூலக மென்பொருள்களுக்குப் பொதுவான ‘மார்க் 21’ வடிவப் பதிவுகளாக மாற்றி எந்த நூலக மென்பொருளிலும் ஏற்றிவிட முடியும்.

விரிதாளுக்கும் சில கெட்ட பழக்கங்கள் உண்டு. ‘00457’ என்ற சேர்க்கை எண்ணை அது ‘457’ ஆக்கிவிடும். 13 இலக்க ஐ.எஸ்.பி.என். எண்ணைச் சுருக்கி அடுக்குக்குறி வடிவில் காட்டும்; அந்த நிலையிலேயே சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் தொலைந்துவிடும். இவ்விரு நிரல்களையும் பதியத் தொடங்கும் முன்பே ‘உரை’ என்று வகைப்படுத்துங்கள். 2007க்கு முந்தைய நூல்களில் 10 இலக்க எண் இருக்கும். மேலும் பழைய தமிழ் நூல்களில் எண்ணே இராது. அந்தக் கட்டத்தை வெறுமையாக விடலாம், கற்பனையாக எதையும் நிரப்ப வேண்டாம். சேமிக்கும்போது ‘யு.டி.எஃப்-8’ குறியாக்கத்தைத் தேர்ந்தெடுக்காவிட்டால், மறுநாள் திறக்கும்போது தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக நிற்கும். பழைய நூல்களில் ஆண்டு ‘விரோதி’ என்றோ ‘சுபகிருது’ என்றோ மட்டும் இருந்தால், அதைக் குறிப்பு நிரலில் உள்ளபடியே எழுதுங்கள். 60 ஆண்டுச் சுழற்சியில் அந்தப் பெயர் திரும்பவும் வரும் என்பதால், எந்தச் சுற்று என்பதற்கு வேறு சான்று கிடைக்கும்வரை ஆங்கில ஆண்டைத் தீர்மானிக்கக் கூடாது.

கேள்வி: ஒரே எழுத்தாளர் எங்கள் பட்டியலில் நான்கைந்து பெயர்களில் இருக்கிறார். எந்தப் பெயரை நிலையாக வைப்பது? விக்கித்தரவு இதற்கு உதவும் என்கிறார்களே?
– பள்ளி நூலகப் பொறுப்பாசிரியை, நாமக்கல்

பதில்: உதவும். புதுமைப்பித்தன் என்பவரும் சொ. விருத்தாசலம் என்பவரும் ஒருவரே என்று உங்களுக்குத் தெரியும்; பட்டியலுக்குத் தெரியாது. விக்கித்தரவு, விக்கிப்பீடியாவின் துணைத் திட்டமான பொதுத் தரவுத்தளம்; 2012இல் தொடங்கப்பட்டது. அதில் ஒருவருக்கு ஓர் எண். இயற்பெயர், புனைபெயர், பிற மொழி எழுத்துவடிவம் எல்லாம் அந்த எண்ணின் கீழ் அடங்கும். உலக நூலகங்களின் பெயர்ப் பதிவுகளைத் தொகுக்கும் ‘வியாஃப்’ கோப்பின் எண்ணும் பல எழுத்தாளர்களுக்கு அதிலேயே இணைக்கப்பட்டிருக்கும். உங்கள் விரிதாளில் ஆசிரியர் பெயருக்கு அடுத்த நிரலில் அந்த எண்ணைப் பதிந்துவையுங்கள். பெயரை எப்படி எழுதினாலும் நூல்கள் ஒன்றுசேரும்.

நிலையான வடிவமாக, வாசகர் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பாரோ அதையே வையுங்கள். தலைப்பெழுத்தைப் பெயருக்குப் பின்னால் இடுவதா முன்னால் இடுவதா என்பதில் நூலகத்துக்கு நூலகம் வழக்கம் மாறுகிறது. ஒன்றை முடிவு செய்து எழுதி வைத்துக்கொண்டால் போதும். புள்ளிக்குப் பின் இடைவெளி விடுவதா என்பதையும் சேர்த்து முடிவு செய்யுங்கள். அற்பமாகத் தோன்றினாலும், பெயர்கள் பிரிந்து நிற்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஒரு எச்சரிக்கை: விக்கித்தரவை எவரும் திருத்தலாம், ஒரே பெயருடைய இருவர் தவறாக ஒன்றாக்கப்பட்டிருக்கவும் கூடும். பிறந்த ஆண்டையும் ஒரு நூலின் பெயரையும் ஒப்பிட்ட பிறகே எண்ணை எடுத்தாளுங்கள்.

கேள்வி: எங்கள் வாசகர் வட்டத்தின் முயற்சியால் நூலகத்தின் பழைய நூல்களை மின்வருடி மூலம் படியெடுத்து, எழுத்துணரியால் உரையாக்கி இணையத்தில் வெளியிட நினைக்கிறோம். எதிலிருந்து தொடங்குவது?
– வாசகர் வட்டச் செயலாளர், காரைக்குடி

பதில்: அதே நூலை வேறு யாராவது ஏற்கெனவே படியெடுத்திருக்கிறார்களா என்று பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், ஈழத்து நூல்களுக்கு 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், இன்டர்நெட் ஆர்கைவ், தமிழ் விக்கிமூலம் ஆகியவற்றில் தேடிப் பார்த்தால், உங்கள் பட்டியலில் கணிசமான பகுதி குறைந்துவிடக்கூடும். எஞ்சுவதே உங்கள் ஊருக்கு உரிய வேலை: உள்ளூர்க் கோயில் மலர்கள், சங்க ஆண்டறிக்கைகள், சிறு அச்சகங்கள் வெளியிட்ட நூல்கள். இவற்றை வெளியூர்க்காரர் எவரும் தேடிவந்து படியெடுக்கப் போவதில்லை.

அடுத்தது பதிப்புரிமை. இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். 1964இல் இறந்தவரின் நூல்கள் 2025 ஜனவரி 1 முதல் பொதுவுடைமை. மூலநூலுக்கு உரிமை முடிந்திருந்தாலும் மொழிபெயர்ப்பாளர், உரையாசிரியர், படம் வரைந்தவர், முன்னுரை எழுதியவர் ஆகியோரின் பங்குக்குத் தனித்தனியே கணக்குப் பார்க்க வேண்டும். பாரதியின் எழுத்துகளைச் சென்னை மாகாண அரசு 1949இல் பெற்றது முதல், தமிழக அரசு பல எழுத்தாளர்களின் படைப்புகளை நாட்டுடைமையாக்கியிருக்கிறது. அந்தப் பட்டியலையும் பாருங்கள். ‘நூல் அச்சில் இல்லை’ என்பது மட்டும் உரிமை முடிந்ததற்குச் சான்றாகாது.

படியெடுக்கும்போது அங்குலத்துக்கு 300 புள்ளிக்குக் குறையாமல் எடுங்கள். எழுத்துணரிகளில், கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி ஆவணமாகத் திறப்பது தமிழுக்கு எளிய வழி. டெசராக்ட் என்ற கட்டற்ற மென்பொருளை இணையத் தொடர்பின்றியே பயன்படுத்தலாம். இரண்டையும் ஒரே பக்கத்தில் சோதித்துப் பாருங்கள். சோதனைக்குத் தெளிவான பக்கத்தை எடுக்காமல், இருப்பதிலேயே மோசமான பக்கத்தை எடுத்தால்தான் உண்மை நிலை தெரியும். இரு பத்தி நிரல்களில் அச்சான இதழ்களில் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒன்றாக ஓடிவிடுவது வழக்கமான கோளாறு. இன்னொன்று, 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துவதற்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, ளை, னை ஆகியவை மேலே வளைந்த துதிக்கை போன்ற கொம்போடும், ணா, றா, னா ஆகியவை கால் இன்றிச் சுழித்தும் இருக்கும். எழுத்துணரி அங்கே தடுமாறுவது இயல்பு. இத்தகைய நூல்களுக்கு மெய்ப்புப் பார்க்க, பழைய எழுத்தில் படித்துப் பழகிய மூத்த வாசகர்களை அழையுங்கள். அவர்களுக்குக் கணினி தெரியவேண்டும் என்றுகூட இல்லை, அச்சிட்ட தாளில் திருத்திக் கொடுத்தால் இளையவர் ஏற்றிவிடலாம்.

உரிமைச் சிக்கலற்ற நூல்களுக்கு விக்கிமூலத்தையே நான் பரிந்துரைப்பேன். படியெடுத்த பக்கமும் உரையும் அங்கே அருகருகே நிற்கும். மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பு, ஒருவர் பார்த்தது மஞ்சள், வேறொருவரும் சரிபார்த்த பிறகே பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது என்ற விதி வாசகர் வட்டத்துக்கு மிகப் பொருத்தமானது. தனியாளாகச் செய்ய முடியாத வேலை என்பதால் கூட்டம் தொடர்ந்து கூடும். முன்பு நாட்டுடைமை நூல்கள் பலவும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் ஒத்துழைப்போடு அங்கே ஏற்றப்பட்டன. ஏற்றியவற்றில் மெய்ப்புக்குக் காத்திருக்கும் பக்கங்கள் ஏராளம். புதிதாகப் படியெடுக்கும் முன் அவற்றில் சில பக்கங்களைத் திருத்திப் பழகினால், வேலையின் அளவு உங்களுக்கே பிடிபடும்.

கேள்வி: ஆய்வு மாணவர் ஒருவர் செயற்கை நுண்ணறிவு உரையாடல் கருவி தந்த நூற்பட்டியலோடு வந்தார். அதிலுள்ள பல நூல்களை எங்கும் கண்டுபிடிக்க முடியவில்லை. எப்படிப் பதில் சொல்வது?
– கல்லூரி நூலகர், திருநெல்வேலி

பதில்: அந்த நூல்கள் இல்லாதவையாக இருக்கலாம் என்று நேரடியாகச் சொல்லுங்கள், மாணவரைக் குற்றம் சாட்டும் குரலில் சொல்லாதீர்கள். இக்கருவிகள் பட்டியலைப் புரட்டிப் பார்த்துப் பதில் தருவதாக மாணவர் நம்புகிறார். உண்மையில் அவற்றின் அடிப்படை வேலை, அடுத்து எந்தச் சொல் வருவது பொருத்தம் என்று கணித்து எழுதுவது; ஆகவே மெய்யான ஆசிரியர், மெய்யான பதிப்பகம், நம்பத்தகுந்த ஆண்டு மூன்றையும் சேர்த்து, பிறக்காத நூல் ஒன்றைப் பெயரிட்டுத் தந்துவிடுகின்றன. தமிழ் நூல்களில் இது மிகுதி என்பது என் அனுபவம்; தமிழில் அவை கற்ற உரை குறைவு என்பது அதற்கொரு காரணமாக இருக்க வேண்டும்.

சரிபார்க்க உலக நூலகங்களின் கூட்டுப் பட்டியலான வேர்ல்ட்கேட், கன்னிமாரா நூலகம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆகியவற்றின் பட்டியல்களைப் பாருங்கள். 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படிகளைப் பெறும் நூலகங்களில் கன்னிமாராவும் ஒன்று. எல்லாப் பதிப்பகத்தாரும் அனுப்பிவிடுவதில்லை என்பதால், அங்கே இல்லாததாலேயே நூல் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. ஆசிரியரின் பிற நூல்களில் இறுதிப் பக்கங்களில் வரும் நூல் விளம்பரங்கள் சில சமயம் பட்டியல்களைவிட நல்ல சாட்சி.

கருவியை முற்றிலும் ஒதுக்கவும் வேண்டியதில்லை. ஒரே கட்டத்தில் குவிந்திருக்கும் பதிப்புவிவரத்தை நிரல்களாகப் பிரிக்கவும், அறிவிப்பின் முதல் வரைவை எழுதவும் அது பயன்படும். ஏனென்றால் அங்கே விடையை நம் கண்ணாலேயே சரிபார்த்துவிட முடிகிறது. பகுப்பெண் கேட்டுப் பார்க்க விரும்பினால், நீங்கள் ஏற்கெனவே பகுத்த நூல்களைக் கொடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். உறுப்பினர் பெயர், தொலைபேசி எண், யார் எந்த நூலை இரவல் பெற்றார் என்ற விவரம் ஆகியவற்றை மட்டும் அதில் ஒருபோதும் ஒட்டாதீர்கள். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன்பும், ஒருவர் என்ன படிக்கிறார் என்பதைப் பிறரிடம் சொல்லாதிருப்பது நம் தொழிலின் ஒழுக்கம்தான்.

கேள்வி: அலமாரிதோறும் கியூஆர் குறி ஒட்டியிருந்தோம். சில மாதங்களில் அவை எல்லாம் ஏதோ விளம்பரப் பக்கத்துக்குப் போகின்றன. ஏன்?
– நூலக உதவியாளர், புதுச்சேரி

பதில்: நீங்கள் பயன்படுத்திய இலவசத் தளம், உங்கள் முகவரியைக் குறிக்குள் வைக்காமல் தன் முகவரியை வைத்திருக்கிறது. தவணை முடிந்ததும் வழியை மாற்றிவிட்டது. 1994இல் ஜப்பானில் உருவான இந்தக் குறிக்கு ஆயுட்காலம் என்று எதுவும் கிடையாது. முகவரியை நேரடியாகக் கொண்ட நிலையான குறியை உருவாக்கினால், நீங்கள் சுட்டும் பக்கம் இருக்கும்வரை அதுவும் வேலை செய்யும். ஒட்டுவதற்கு முன் கைப்பேசியில் வருடி, திரையில் தோன்றும் முகவரி உங்களுடையதுதானா என்று படித்துப் பாருங்கள்.

கேள்வி: ஸோட்டேரோவில் தமிழ் ஆசிரியர் பெயர்கள் தலைகீழாகின்றன. மாற்று வழி உண்டா?
– முனைவர் பட்ட ஆய்வாளர், தஞ்சாவூர்

பதில்: துணைநூல் விவரங்களைத் தொகுக்க உதவும் அந்தக் கருவி, பெயருக்குக் குடும்பப்பெயர் ஒரு பகுதி என்ற எண்ணத்தில் இரு கட்டங்களைத் தருகிறது. பெயர்க் கட்டத்தின் அருகிலுள்ள சிறு குறியை அழுத்தினால் இரண்டும் ஒன்றாகும். அதில் தலைப்பெழுத்தோடு முழுப் பெயரையும் எழுதுங்கள், வரிசை மாறாது. தலைப்பெழுத்து முன்னால் நின்றால் துணைநூற்பட்டியல் அதன்படியே அடுக்கப்படும் என்பதால், உங்கள் பல்கலைக்கழகம் கேட்கும் முறையை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் நூலகத்தின் நூல் அறிமுகக் கட்டுரைகளை ஆண்டுக்கணக்கில் ஓர் இலவசத் தளத்தில் எழுதிவந்தோம். அந்தச் சேவையே நிறுத்தப்பட்டுவிட்டது. மீட்க முடியுமா? இனி எதை நம்பித் தொடங்குவது?
– ஓய்வு பெற்ற நூலகர், கோயம்புத்தூர்

பதில்: பழைய இணையப் பக்கங்களின் படிகளைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் உங்கள் பழைய முகவரியை இட்டுப் பாருங்கள். 1996 முதல் சேகரிக்கப்பட்ட பக்கங்கள் 2001இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. உங்கள் கட்டுரைகளில் எல்லாம் இல்லாவிடினும் சில அங்கே இருக்க வாய்ப்புண்டு. முகப்புப் பக்கம் கிடைத்து உள்பக்கம் கிடைக்காவிட்டால், கட்டுரையின் தனி முகவரியையும் இட்டுத் தேடுங்கள். கட்டுரையாளர்களின் மின்னஞ்சலில் முதல் வரைவுகள் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள்.

பெரிய நிறுவனம் என்பதால் சேவை நிலைக்கும் என்று எண்ண வேண்டாம். கூகுள் ரீடர் 2013இலும், பொதுப் பயனர்களுக்கான கூகுள் பிளஸ் 2019இலும் மூடப்பட்டன. ஆகவே புதிய தளத்தைச் சோதிக்கும்போது அதன் அழகைப் பார்ப்பதற்கு முன், ஏற்றுமதி வசதி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கட்டுரையைத் தமிழில் எழுதி, படத்தோடு ஏற்றி, உடனே முழுவதையும் இறக்கி, இறங்கிய கோப்பை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். எழுத்து சிதையாமல், தேதியும் ஆசிரியர் பெயரும் உடனிருக்க, படமும் தனிக்கோப்பாக வந்திருந்தால் அங்கே தொடங்கலாம். ஏற்றுமதிப் பொத்தானைக் கட்டணப் பயனருக்கு மட்டும் வைத்திருக்கும் தளமானால், கட்டணம் கட்ட நூலகத்துக்கு நிரந்தர ஏற்பாடு இல்லாதவரை அதை விட்டுவிடுங்கள். தொடங்கிய பிறகு, ஒவ்வொரு கட்டுரை வெளியானதும் வேபேக் மெஷினின் ‘பக்கத்தைச் சேமி’ வசதியில் அதன் முகவரியை இடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். தளத்தின் கடவுச்சொல் ஓர் ஊழியரின் சொந்த மின்னஞ்சலில் மாட்டிக்கொள்ளாமல் நூலகத்தின் பொது மின்னஞ்சலில் இருக்கட்டும். பணிமாறுதலில் போனவரைத் தேடிக் கடவுச்சொல் கேட்க வேண்டிய நிலை வராது.